பெட்டிக்கு அடியில் பச்சைப் புல்

மழை மாலை ஐந்து மணிக்கு வரும் என்று வானிலை அறிக்கை சொல்லியிருந்தது. மலை அந்த அறிக்கையைப் படிக்கவில்லை போலும். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கே கிழக்குச் சரிவில் மேகம் வந்து சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டது.

அடிவாரத்தில் இருந்த அந்தக் கடையில் கயிறு, கூடாரம், மடக்கு அடுப்பு, முரட்டுக் காலணி எல்லாம் கிடைக்கும். இன்று யாரும் எதுவும் வாங்க வரவில்லை. கல்லா மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு, நடுவில் ஒரு பெரிய வரைபடத்தை விரித்திருந்தார்கள். வரைபடத்தில் இருபதுக்கும் மேற்பட்ட சிவப்பு ஊசிகள். எல்லாமே வடக்கு மேட்டைச் சுற்றித்தான் குத்தப்பட்டிருந்தன.

"நாலு மணிக்கு ஆளுங்களைக் கீழே இறக்கிடுவேன்," என்றார் போலீஸ் ஆய்வாளர். "மழையில என் ஆளு ஒருத்தன் வழுக்கி விழுந்தா, அப்புறம் ரெண்டு பேரைத் தேடணும்."

"அதுக்கப்புறம்?" என்று கேட்டாள் காணாமல் போனவளின் தங்கை.

"நாளைக்குக் காலைல."

தங்கை ஆஸ்பத்திரியில் செவிலி. கெட்ட சேதியைக் குரல் நடுங்காமல் சொல்லிப் பழகியவள். அதே குரலில் சொன்னாள்: "ரெண்டு ராத்திரி ஆயிடுச்சு சார். மூணாவது ராத்திரி நனைஞ்ச உடம்பு தாங்காது. நாளைக்குக் காலைல நீங்க தேடறது எங்க அக்காவை இல்ல."

ஆய்வாளர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

காணாமல் போனவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கும் வேலை செய்கிறவள். விடுமுறை நாளில் அவளுக்குப் பெட்டி வேட்டை. அது என்னவென்று உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம், சொல்லிவிடுகிறேன். ஒருவர் மலையில் ஏதோ ஒரு மூலையில் ஒரு சின்னப் பெட்டியை ஒளித்துவைப்பார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஃபோனைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்து, பெட்டியைக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் கையெழுத்துப் போட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள். சொந்தப் பெயர் கிடையாது, புனைபெயர்தான். இவள் பெயர் நத்தை.

"ஒளிச்சும் வைப்பாங்க, எங்க ஒளிச்சு வச்சோம்னு ஊருக்கே சொல்லவும் செய்வாங்க," என்றான் குண்டூசி. "எங்க மாமியார் நகையை ஒளிச்சு வச்சுட்டு மறந்துபோவாங்க. அதைத் தேடறதுல இதைவிட விறுவிறுப்பு ஜாஸ்தி மேடம்."

குண்டூசிக்கு நாற்பது வயது. பதினெட்டு வருடம் பஸ் ஓட்டியவன். ஆள் ஒல்லி, வாய் கூர்மை, அதனால் அந்தப் பெயர். மூன்று வருடமாகத் துப்பறிவாளருக்கு வண்டி ஓட்டுகிறான், கூடவே துணையாள் வேலையும் பார்க்கிறான்.

தங்கை அழைத்து வந்திருந்த துப்பறிவாளர் சிரிக்கவில்லை. இந்த வேலைக்கு வருவதற்கு முன் அவர் காப்பீட்டு நிறுவனத்தில் விபத்து மனுக்களைச் சரிபார்த்தவர். மனுவில் மற்றவர்கள் கடைசி வரியைப் படிப்பார்கள். அவர் முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பார். இப்போது அவர் முன்னால் ஒரு பச்சைநிறப் பிளாஸ்டிக் பெட்டியும் ஒரு நோட்டும் இருந்தன. திங்கட்கிழமை காலை வடக்கு மேட்டில் கிடைத்தவை. நோட்டின் கடைசி வரி:

*நத்தை. ஞாயிறு. ஹெல்மெட்டுக்கு நன்றி.*

"அக்கா எழுத்துதானா?"

"அவதான் மேடம். அந்த ந-வோட சுழி, அது அவளுக்கு மட்டும்தான் வரும்."

"அப்ப அவ மேட்டுக்கு வந்திருக்கா, அங்கேர்ந்து வடக்கே பாறைப் பக்கம் இறங்கியிருக்கா," என்றபடி தேநீர்க் குவளைகளோடு வந்தார் மலைமாமா. கடை அவருடையது. மலையில் ஒளிந்திருக்கும் பதினோரு பெட்டிகளும் அவருடையவைதான். வழிகாட்டி உரிமம் வைத்திருப்பவர். இந்த மலையில் ஏறியவர்கள் எல்லாருக்கும் அவர் மாமா. இரண்டு இரவுகளாகத் தூங்கவில்லை என்பதை முகம் பார்த்தாலே தெரியும். "ஆகாயத்துல மறைஞ்சிட மாட்டா. கிடைச்சிடுவாம்மா," என்று தங்கையின் கையில் குவளையைத் திணித்தார்.

துப்பறிவாளர் பெட்டியைத் தலைகீழாகத் திருப்பினார். அடிப்பாகத்தில் வெள்ளையாக ஏதோ படிந்து இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினார். பொடிந்து விழுந்தது.

"பல்லே தேய்க்காத பெட்டி போல," என்றான் குண்டூசி.

"மாமா, இது எத்தனை வருஷமா மேட்டுல இருக்கு?"

"மூணு வருஷம். கஷ்டமான ஏத்தம், ஆளு அதிகம் வராது. இதோட பதினாலு பேர்தான். எல்லாம் வெளியூர்."

"என்னை அங்க கூட்டிட்டுப் போங்க."

"அந்த இடத்தை நூறு தடவை பார்த்தாச்சேம்மா. தேடறதுன்னா பாறைப் பக்கம் போலாம்..."

"நூத்தி ஒண்ணாவது தடவை நான் பார்க்கறேன்."

நால்வரும் ஏறினார்கள். மலைமாமா முன்னால், அவரை ஒட்டித் தங்கை, பின்னால் துப்பறிவாளர். எல்லாருக்கும் கடைசியில் வாக்கி-டாக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குண்டூசி. ஞாயிறு இரவு பெய்த மழை காலடித் தடங்களைக் கழுவித் துடைத்துவிட்டிருந்தது. மோப்பம் பிடிக்க வந்த நாய்கூட வாசனை கிடைக்காமல் திரும்பிப் போயிருந்தது.

"மேடம்," என்று மூச்சு வாங்கினான் குண்டூசி. "மனுஷன் வீடு கட்டக் கத்துக்கிட்டதே இந்த மாதிரி இடத்துக்கு வராம இருக்கத்தான். இவங்க வீட்டையும் கட்டிட்டு இங்கயும் வர்றாங்க."

"பேசாம நட."

"பேசாம நடந்தா நான் செத்துட்டேன்னு நினைச்சுடுவீங்க."

ஒன்றரை மணி நேரம் ஏறினார்கள். மரங்கள் முடிந்தன. புல் மட்டுமே முளைத்த ஒரு மொட்டை மேடு வந்தது. நாலு பக்கமும் ஆகாயம். நடுவில் மூன்று கற்களைச் சாய்த்து வைத்த ஒரு சின்ன மறைவு. பக்கத்தில் தேடியவர்கள் நட்ட மஞ்சள் குச்சி. பெட்டி கிடைத்த இடம் அதுதான்.

துப்பறிவாளர் முட்டிபோட்டு உட்கார்ந்தார். கற்களை ஒவ்வொன்றாக விலக்கினார். அடியில் கையால் தடவிப் பார்த்தார். பிறகு குண்டூசியைக் கூப்பிட்டார்.

"என்ன தெரியுது?"

"புல்லு."

"என்ன நிறம்?"

"பச்சை. புல்லுக்கு வேற என்ன நிற..." அவன் பாதியில் நிறுத்தினான். பஸ் டிப்போவில் மாதக்கணக்கில் டயருக்கடியில் கிடந்த புல்லை அவன் பார்த்திருக்கிறான். டயரைத் தூக்கினால் வெளிறிப்போன வெள்ளை நாரும், நெளியும் புழுவும், ஈர மண்ணும்தான் இருக்கும். இங்கே மடங்கி நசுங்கிக் கிடந்தாலும் புல் பச்சையாகவே இருந்தது.

குண்டூசி குரலைத் தாழ்த்தினான். "மேடம், இந்தப் பெட்டி இங்க மூணு வருஷம் இருக்கல. மூணு நாள் இருந்திருந்தா அதிகம்."

"ம்."

"மாமா பொய் சொல்றார்."

"ம்."

"அவரு முன்னால நாம மலை உச்சில நிக்கறோம். அவரு நம்மளைவிட நல்லா ஏறுவார். இதையும் சொல்லிக்கறேன்."

பத்தடி தள்ளி மலைமாமா நின்றுகொண்டிருந்தார். இவர்களைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க முயற்சி செய்துகொண்டிருந்தார். தங்கை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துக் குண்டூசியின் ஃபோன் அலறியது. மனைவி.

"சொல்லு... மலை மேல இருக்கேன்... நெஜமாத்தான்... நல்லாக் கேக்குது, வீட்டு ஹால்ல கேக்கறதைவிட நல்லாவே கேக்குது... சரி, சோப்பு வாங்கிட்டு வரேன்." ஃபோனை வைத்தான். "மன்னிச்சுடுங்க மேடம். நாலு கோடு முழுசா சிக்னல். தப்பிக்க வழியே இல்ல."

துப்பறிவாளர் எழுந்து நின்றார். பையிலிருந்து நோட்டை எடுத்தார். அதன் முதல் பக்கத்தைத் திருப்பினார்.

"மாமா, இங்க வாங்க. உங்க நோட்டைக் கொஞ்சம் வாசிச்சுப் பார்ப்போம். கரண்டின்னு ஒருத்தர்: *மண்டையில் ஒரு வீக்கம், மனசில் மகிழ்ச்சி.* அடுத்தது தூக்கக்காரன்: *காலுறையைப் பிழிந்துவிட்டு இதை எழுதுகிறேன்.* அடுத்தது இரட்டைவால்: *பெட்டிக்குப் பக்கத்தில் வந்ததும் ஃபோனுக்கு உயிர் போய்விட்டது.* இன்னொருத்தர் மறுபடியும் மண்டை இடிச்சுக்கிட்டார். இன்னும் ரெண்டு பேர் காலுறை பிழிஞ்சிருக்காங்க."

மலைமாமா மஞ்சள் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வச்சிருக்குன்னு நோட்டுல எழுதக் கூடாதுங்கறது உங்க விளையாட்டு விதி. யாரும் எழுதல. ஆனா பட்ட கஷ்டத்தைச் சொல்லாம மனுஷங்களால இருக்க முடியாது. நாம வந்த பாதையில ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. இங்க சிக்னல் இல்லாம போகவும் வழியில்ல, குண்டூசி மனைவியே சாட்சி. தலை இடிக்கற மாதிரி இந்த மேட்டுல என்ன இருக்கு? வானமா?" அவர் நோட்டை மூடினார். "பெட்டி அடியில இருந்தது சுண்ணாம்பு. மேலேர்ந்து சொட்டற தண்ணி விட்டுட்டுப் போனது. தாழ்வான கூரை, ஓடற தண்ணி, சிக்னல் நுழையாத சுவர். அந்த இடம் எங்க?"

காற்று ஒரு முறை புல்லைப் படுக்கவைத்துவிட்டுப் போனது.

"பழைய தண்ணிச் சுரங்கம்," என்றார் மலைமாமா. "கிழக்குச் சரிவுல."

தங்கை ஒரு அடி முன்னால் வந்தாள். "எங்க அக்காவை என்ன பண்ணீங்க மாமா?"

"ஐயோ, இல்லம்மா. நான் என்ன பண்ணப் போறேன், அவ எனக்கும் பொண்ணு மாதிரிதான்." அவர் கைகள் தாமாகவே கூப்பிக்கொண்டன. "நாலு மாசம் முன்னாடி வனத்துறையில அந்தச் சுரங்கத்தை மூடச் சொல்லி இரும்புக் கதவு போட்டாங்க. உள்ளே இருக்கற பெட்டியை எடுத்துடு, இல்லன்னா உரிமம் போயிடும்னாங்க. எடுத்துட்டேன்னு எழுதிக் கொடுத்தேன். எடுக்கல. நான் ஒளிச்சு வச்சதுலயே அருமையான இடம் அது, மனசு வரல. ஒரு சாவி என்கிட்டதான். பூட்டைச் சும்மா மாட்டி விட்டுடுவேன். தேடி வர்றவங்க தள்ளிட்டுப் போவாங்க. திங்கட்கிழமை அதிகாரிங்க பார்க்க வர்றாங்கன்னு சனிக்கிழமை ராத்திரி தெரிஞ்சுது. ஞாயித்துக்கிழமை காலைல ஓடிப்போய் பெட்டியை எடுத்தேன், பூட்டினேன், இங்க கொண்டுவந்து வச்சேன். மத்தியானம் இணையத்துல எண்ணை மாத்தினேன். அப்புறம் இவ காணாமப் போனதுல அதிகாரிங்க வரவே இல்ல. அவ்வளவுதான். சத்தியமா அவ்வளவுதான்."

"இதை ஆய்வாளர்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லி என்ன ஆகப் போகுதுன்னு... பெட்டி இங்க வந்த பிறகுதானே அவ கையெழுத்துப் போட்டா? நோட்டு இங்கதானே கிடைச்சுது? சுரங்கத்துக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்? என் பொழைப்பு மட்டும் போகும்னு..."

"நீங்க சுரங்கத்துல பெட்டியை எடுத்தப்ப மணி என்ன?"

"ஒம்பது இருக்கும்."

"அவ ஏறி வந்த முதல் பஸ் அடிவாரத்துக்கு எப்ப வரும்?"

"ஆறரைக்கு."

"அங்கேர்ந்து சுரங்கத்துக்கு?"

"ஒன்றரை மணி..." அவர் நிறுத்தினார்.

"இணையத்துல எண்ணை மாத்தினது மத்தியானம். காலைலயே கிளம்பி வந்த அவ ஃபோன்ல இருந்த எண் எது?" துப்பறிவாளர் நோட்டைத் திறந்து, கடைசி வரியில் விரலை வைத்து நீட்டினார். "எல்லாரும் தேதியைப் பார்த்தாங்க. நீங்களும்தான். மீதியைப் படிங்க."

மலைமாமா படித்தார். உதடு மட்டும் அசைந்தது. *ஹெல்மெட்டுக்கு நன்றி.*

"பெட்டியை எடுத்தப்ப நோட்டைத் திறந்தீங்களா?"

அவர் அப்படியே புல்லில் உட்கார்ந்தார். முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கோ வடிந்துவிட்டது. கொலைகாரன் இப்படி உட்கார மாட்டான் என்று குண்டூசி பிற்பாடு சொன்னான்.

"நான் பூட்டிட்டேன்," என்றார் மலைமாமா. "தண்ணி இரைச்சல்... உள்ளே யாராவது இருக்காங்களான்னு ஒரு குரல்கூடக் கொடுக்கல. பூட்டிட்டேன்."

தங்கை அவர் முன்னால் குனிந்தாள். "சாவி எங்க?"

அவர் சட்டைக்குள் கையை விட்டார். கழுத்துக் கயிற்றில் தொங்கியது. இரண்டு நாளாகத் தேடலில் ஓடியபோதும், தேநீர் கொடுத்தபோதும், அது அங்கேதான் இருந்தது.

"எழுந்திரிங்க. வழி காட்டுங்க."

அப்போது முதல் மழைத்துளி நோட்டின் மேல் விழுந்தது. மணி ஒன்று நாற்பது.

வாக்கி-டாக்கியில் ஆய்வாளர் கிடைத்தார். அவர் ஆட்கள் வடக்குப் பாறையின் அடியில் இருந்தார்கள். வந்து சேர ஒன்றரை மணி நேரமாகும். இவர்களுக்கு முக்கால் மணி. "கிழக்குச் சுரங்கமா? அது நாலு மாசமாப் பூட்டிக் கிடக்கே," என்றார் ஆய்வாளர். அதனால்தான் யாரும் பார்க்கவில்லை. பூட்டிக் கிடக்கும் கதவு எல்லாருக்கும் ஒரு நிம்மதி.

இறங்கும்போது மழை வலுத்தது. பாதை வாய்க்காலானது. மலைமாமா ஓடினார். அறுபது வயதுக்காரர் அப்படி ஓடியதை அந்த மலையில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"சுரங்கத்துல மழை பெஞ்சா தண்ணி எவ்வளவு ஏறும்?" என்று கத்தினாள் தங்கை.

"இடுப்பு வரைக்கும்."

"இந்த மாதிரி மழைக்கு?"

அவர் இன்னும் வேகமாக ஓடினார்.

குண்டூசி வாயைத் திறக்கவில்லை. அவன் வாயை மூடினால் நிலைமை எவ்வளவு மோசம் என்று துப்பறிவாளருக்குத் தெரியும்.

சுரங்க வாய் ஒரு ஆள் உயரம்கூட இல்லை. இரும்புக் கம்பிக் கதவுக்கு அடியில் பழுப்புத் தண்ணீர் பீறிட்டு வெளியே வந்துகொண்டிருந்தது. கம்பிகளில் ஆரஞ்சு நிறத் துணி ஒன்று முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. தங்கை அதைத் தொட்டாள். அக்காவின் கழுத்துத் துணி. ஆனால் கதவுக்குப் பின்னால் யாரும் இல்லை.

மலைமாமாவின் கையிலிருந்த சாவி பூட்டுக்குள் இறங்கவில்லை. ஒரு தடவை, இரண்டு தடவை. தங்கை அவர் கையைப் பிடித்தாள், ஊசி போடும்போது நோயாளியின் கையைப் பிடிக்கிற மாதிரி அழுத்தமாக. சாவி இறங்கியது. கதவு தண்ணீரை எதிர்த்துத் திறக்க மறுத்தது. குண்டூசி தோளைக் கொடுத்தான்.

உள்ளே முழங்கால் தண்ணீர். பத்தடி போனதும் தொடை வரை. டார்ச் வெளிச்சத்தில் கூரை தலையை உரசியது. குண்டூசியின் மண்டை இரண்டு முறை இடித்தது. அவன் முனகக்கூட இல்லை.

"அக்கா."

தண்ணீரின் இரைச்சல் மட்டும்.

"அக்கா, நான்தான்."

முப்பதடியில் சுரங்கம் வளைந்தது. வளைவில், சுவரில் மார்பு உயரத்துக்கு ஒரு கல் திட்டு. பெட்டி இருந்த இடம் அது. இப்போது அதன் மேல் ஒரு பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டு படுத்திருந்தாள். தலையில் சிவப்பு ஹெல்மெட். கண்கள் மூடியிருந்தன.

தங்கை கழுத்தில் விரல் வைத்தாள். எண்ணினாள். அவள் எண்ணி முடிக்கும்வரை மற்ற மூவரும் மூச்சு விடவில்லை.

"இருக்கா," என்றாள். அவ்வளவு நேரம் நடுங்காத குரல் அந்த ஒரு சொல்லில் உடைந்தது.

குண்டூசி முதுகைக் காட்டினான். தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். பாறை மறைவில் உட்காரவைத்து, இருந்த சட்டையையெல்லாம் சுற்றி, தங்கை அவள் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் நத்தை கண்ணைத் திறந்தாள். தங்கையைப் பார்த்தாள். சற்று தள்ளி மழையிலேயே நின்றவரைப் பார்த்தாள்.

"மாமா," என்றாள். உதடு நீலம் பாரித்திருந்தது. சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. "கையெழுத்துப் போட்டுட்டு, அந்தக் கோடி வரைக்கும் பார்த்துட்டு வரலாம்னு உள்ளே போனேன். திரும்பி வந்தா கதவு பூட்டி இருந்துச்சு. பெட்டியும் இல்ல. பெட்டி இல்லன்னு பார்த்ததும் பயம் போயிடுச்சு மாமா."

"பேசாத அக்கா," என்றாள் தங்கை.

"இல்ல, சொல்றேன். மாமாதான் எடுத்திருக்கார்னு தெரிஞ்சுது. வீட்டுக்குப் போனதும் நோட்டைத் திறப்பார், என் பேரைப் பார்ப்பார், உடனே ஓடி வருவார்னு உக்காந்திருந்தேன். ராத்திரி ஆச்சு. சரி, காலைல திறப்பார். அப்புறம் மறுபடி ராத்திரி ஆச்சு." அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "நோட்டைத் திறக்கலையா மாமா?"

"திறக்கலம்மா."

"இதுக்கு முன்னாடியும் திறந்ததே இல்லையா?"

மலைமாமா இல்லை என்று தலையை ஆட்டினார். மழை அவர் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது.

"பதினாலு பேர் எழுதியிருக்கோம்," என்றாள் நத்தை. கோபமில்லாமல், ஆச்சரியத்தோடு சொன்னாள். பிறகு தங்கையின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

வாக்கி-டாக்கி கரகரத்தது. "என்ன நிலவரம்? கதவு பூட்டி இருக்கா, திறந்து இருக்கா? பூட்டி இருந்தா பொண்ணு எப்படி உள்ளே போச்சு? யாராவது பேசுங்க," என்றது ஆய்வாளரின் குரல்.

குண்டூசி துப்பறிவாளரைப் பார்த்தான். அவர் வாக்கி-டாக்கியை அவன் கழுத்திலிருந்து கழற்றினார். மழையில் நடந்து போய் மலைமாமாவிடம் நீட்டினார்.

அவர் அதை வாங்கினார். பொத்தானை அழுத்தினார்.

"சுரங்க வாசல்ல இருக்கோம். பொண்ணு உயிரோட இருக்கா, தூக்குப் படுக்கை அனுப்புங்க," என்றார். "பூட்டினது நான்."